புல் சொல்லும் வரலாறு: தென் கரோலினாவின் ஸ்வீட்கிராஸ் கூடைகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பம் ஒன்று தன் முன்னோரைத் தேடிப் புறப்பட்டால், பெரும்பாலும் 1870-இல் போய் முட்டி நின்றுவிடும். அந்த ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கில்தான் முன்னாள் அடிமைகள் முதல்முறையாகப் பேரும் குடும்பமுமாக எழுதப்பட்டார்கள். அதற்கு முன் 1850-லும் 1860-லும் எடுத்த அடிமைப் பட்டியல்களில் முதலாளியின் பேர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று சில கட்டங்கள் இருக்கும். பாட்டியின் பாட்டியைத் தேடி வந்தவருக்குக் கிடைப்பது ஒரு வயதும் ஒரு நிறமும்தான். அது அவள்தானா என்று உறுதியாகச் சொல்ல ஆள் கிடையாது.

பட்டியல் வாய் மூடிக்கொள்ளும் இந்த இடத்தில் கைவேலை ஏதாவது சொல்லுமா? தென் கரோலினாவின் கரையோரக் கூடைகளை வைத்து இதைப் பார்க்கலாம். சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து கூப்பர் ஆற்றைத் தாண்டினால் மவுண்ட் பிளசன்ட் வருகிறது. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தாயிடமிருந்து மகளுக்கு, பாட்டியிடமிருந்து பேத்திக்கு என்று சுமார் 300 ஆண்டுகளாக ஒரே முறையில் கூடை செய்துவருகிறார்கள். செய்கிறவர்கள் குல்லா கீச்சி மக்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அங்கோலாப் பக்கத்திலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். தங்களுக்கென்று ஒரு கலப்பு மொழியையும் சமையலையும் கைவேலையையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கூடையை வைத்து ஒரு குடும்பத்தின் ஆப்பிரிக்க ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. அப்படி நம்புவது ஆசை, ஆதாரம் அல்ல. ஆனால் அந்தக் குடும்பம் கடல் தாண்டி வந்தபின் எந்த நிலத்தில் கால் ஊன்றியது, எந்த வேலையில் முதுகு ஒடிந்தது, கடைசியில் எந்த நிலத்தைப் பறிகொடுத்தது என்பதைக் கூடையில் இருக்கும் புல்லே காட்டிக்கொடுக்கும். இதை இந்தக் கைவேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

கூடை உருவாகும் விதம்

இந்தக் கூடையில் நான்கு பொருள்கள் இருக்கும். ஸ்வீட்கிராஸ் என்னும் மெல்லிய நீளப் புல், கோரை போன்ற தடித்த ஒரு நாணல், நீள இலைப் பைன் மரத்தின் ஊசியிலை, பால்மெட்டோ என்னும் பனைக் குடும்பத்து மரத்தின் ஓலை.

ஸ்வீட்கிராஸ் கடற்கரை மணல்மேட்டுக்குப் பின்னாலும், உப்பங்கழியும் காடும் சேரும் ஓரத்திலும் குத்துக் குத்தாக வளர்கிறது. இளவேனில் தொடங்கிக் கோடை முடியும்வரை பறிக்கிறார்கள். குத்தின் அடியை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, ஒரு கைப்பிடி புல்லைப் பிடித்து இழுத்து உருவ வேண்டும். அரிவாள் போடக் கூடாது. உருவினால் புல் தன் உறையிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும், வேர் மண்ணில் நிற்கும், அடுத்த பருவத்தில் குத்து மறுபடி தழைக்கும். பாம்பு கிடக்கும் இடம், கொசு மொய்க்கும் இடம், கோடை வெயில். இந்த வேலை பெரும்பாலும் ஆண்கள், பையன்கள் கையில் இருந்துவந்தது. கொண்டுவந்த புல்லைச் சில நாள் காய வைத்தால் பச்சை மறைந்து வெளிர் மஞ்சளாகும். புது வைக்கோல் போன்ற ஒரு வாசனை வரும். கூடை பழசானாலும் அந்த வாசனை சீக்கிரம் போவதில்லை.

அப்புறம் தையல். இங்கே கூடையைப் பின்னுவதில்லை, தைக்கிறார்கள். நடுவில் ஒரு முடிச்சு போடுவார்கள். அதைச் சுற்றிப் புல்லை ஒரு கட்டாகச் சேர்த்து, வைக்கோற்புரி போலச் சுற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு பால்மெட்டோ ஓலைக்கீற்றால் இறுக்கித் தைப்பார்கள். ஊசி கிடையாது. கரண்டியின் காம்பை உடைத்து, அரத்தால் தேய்த்துத் தட்டையாகவும் கூராகவும் ஆக்கி வைத்துக்கொள்வார்கள். அதைப் புரிக்குள் குத்தித் துளை திறந்து, அந்தத் துளை வழியாகக் கீற்றை இழுத்துவிடுவார்கள். முன்காலத்தில் இந்தக் கருவியை மாட்டு விலா எலும்பில் செய்திருக்கிறார்கள். கட்டு மெலியும்போதெல்லாம் உள்ளே புதுப் புல்லைச் சொருகிக்கொண்டே போக வேண்டும். எங்கே சொருகினார்கள் என்று தெரியக் கூடாது. வரைபடம் எதுவும் இல்லை. சுற்றை எந்தக் கோணத்தில் சாய்த்து வைக்கிறாள் என்பதிலும், கீற்றை எவ்வளவு இறுக்குகிறாள் என்பதிலுமே வடிவம் பிறக்கிறது. அதனால்தான் ஒரு கூடையைப் பார்த்து இது இன்ன வீட்டுக் கை என்று அக்கம்பக்கத்தாரால் சொல்லிவிட முடிகிறது. சிறிய கூடைக்கே மணிக்கணக்கில் உட்கார வேண்டும். பெரிய கூடை மாதங்களை விழுங்கும்.

நெல்லோடு வந்த வேலை

அழகுக்காகப் பிறந்த பொருள் அல்ல இது. 18-ஆம் நூற்றாண்டில் தென் கரோலினாவின் செல்வத்தில் பெரும்பகுதி நெல்லில் இருந்தது. 'கரோலினா கோல்ட்' என்ற அந்த அரிசி ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. சதுப்பு நிலத்தைத் திருத்தி, கரை போட்டு, மதகு வைத்து, கடல் ஏற்றத்தால் ஆற்றுநீர் உயரும் நேரம் பார்த்து வயலுக்குத் தண்ணீர் விட்டவர்கள் அடிமைகள். அறுத்த நெல்லை மர உரலில் போட்டு உலக்கையால் குத்தியவர்களும் அவர்களே. குத்திய நெல்லிலிருந்து உமியைப் பிரிக்க வட்டமான, ஆழமில்லாத, ஓரம் சற்றே எழும்பிய ஒரு பெரிய தட்டுக்கூடை வேண்டியிருந்தது. அதன் ஆங்கிலப் பேர் ஃபேனர். நம் வீட்டு முறம் செய்யும் அதே வேலை: தூக்கிப் போட்டுப் பிடித்தால் உமி காற்றில் பறக்கும், அரிசி தங்கும்.

இந்த ஃபேனரை ஸ்வீட்கிராஸில் செய்யவில்லை. தடித்த நாணலைப் புரியாக்கி, பால்மெட்டோ கீற்றாலோ கருவாலி மரச் சீவலாலோ தைத்தார்கள். வயலில் அடிபடும் சாமான் அல்லவா, முரட்டுத்தனம் வேண்டும். அதைச் செய்தவர்களில் ஆண்கள் அதிகம். வீட்டுக்குள் ரொட்டி வைக்க, தையல் சாமான் போட்டு வைக்க என்று மெல்லிய புல்லில் பெண்கள் தனியாகச் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு பொருள், இரண்டு கை, ஒரே தையல். இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

கைவேலை தப்பிப் பிழைத்ததற்கு அந்த வட்டாரத்தின் வேலைமுறையும் ஒரு காரணம். இங்கே ஒரு நாளைக்கு இன்ன அளவு நிலம் என்று, பெரும்பாலும் கால் ஏக்கர், வேலையை அளந்து கொடுத்தார்கள். அதை முடித்தபின் மிச்சமிருக்கும் நேரம் அவர்களுடையது. அந்தக் கொஞ்ச நேரத்தில் தோட்டம் போட்டார்கள், மீன் பிடித்தார்கள், கூடை செய்தார்கள், சிலர் விற்கவும் செய்தார்கள். கோடை வந்தால் மலேரியாவுக்குப் பயந்து முதலாளிக் குடும்பங்கள் நகரத்துக்கு ஓடிவிடும். பெரிய எண்ணிக்கையில் ஆப்பிரிக்கர்கள் தங்களுக்குள்ளேயே வாழ்ந்த அந்த ஒதுக்கத்தில் மொழியும் தையலும் நிலைத்தன. இதை முதலாளிகளின் தாராளம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்த வயல்களில் மனிதர்கள் நோயாலும் சேற்றிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். கிடைத்த சின்ன இடைவெளியை அவர்கள் எப்படிப் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் இங்கே சேதி.

எந்த ஊரிலிருந்து?

சரி, தையலை வைத்து ஊரைச் சொல்ல முடியுமா? செனகலில் வோலோஃப் பெண்கள் செய்யும் புரிக்கூடைகளையும் கரோலினாக் கூடைகளையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று ஒரு கணம் தடுமாறும். சியரா லியோனிலும் இதே போன்ற மூடி போட்ட கூடை உண்டு. அங்கோலாவிலும் உண்டு. சுருள் தையல் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் பரவிக் கிடக்கிறது. ஒரே முதலாளியின் நெல் தோட்டத்தில் பல இனத்தார் அடைக்கப்பட்டிருந்ததால், யாருடைய கை யாருக்குக் கற்றுக்கொடுத்தது என்று பிரித்தெடுக்க வழியில்லை. கரோலினாவை அடுத்த பகுதிகளில் வாழ்ந்த பூர்வகுடிகள் மூங்கில் போன்ற நாணலைக் கீறி முடைந்தவர்கள், அவர்களுடையது வேறு முறை. ஆகவே ஆப்பிரிக்கத் தொடர்பு உறுதி. அதற்கு மேல் ஒரு புள்ளியில் விரல் வைக்க முடியாது.

நெல் சாகுபடி அறிவே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று ஜூடித் கார்னி 2001-இல் விரிவாக வாதிட்டார். 2007-இல் எல்டிஸ், மார்கன், ரிச்சர்ட்சன் என்ற மூன்று வரலாற்றாசிரியர்கள் அடிமைக் கப்பல் கணக்குகளைக் காட்டி அதை மறுத்தார்கள். வாதம் இன்னும் ஓயவில்லை. வயலின் கதையில் சந்தேகம் இருக்கலாம், ஃபேனரின் தையலில் எனக்குச் சந்தேகம் இல்லை.

குடும்பம் என்ற அளவில் கடலைத் தாண்டிப் போய்த் தொட முடிந்த சம்பவங்கள் மிகச் சில. அவற்றில் இரண்டை இங்கே வைத்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது பிரிசில்லாவின் கதை. 1756-இல் 'ஹேர்' என்ற கப்பல் சியரா லியோனிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு வந்தது. அதிலிருந்து எலியாஸ் பால் என்ற தோட்ட முதலாளி சில குழந்தைகளை வாங்கி, தன் கணக்கேட்டில் அவர்களுடைய வயதை மதிப்பிட்டு எழுதிவைத்தார். பிரிசில்லா என்று அவர் பேரிட்ட சிறுமிக்கு 10 வயது. கப்பல் காகிதங்கள், விற்பனைக் கணக்கு, தோட்ட ஏடுகள் எல்லாம் அறுபடாமல் கிடைத்ததால், அவள் வழித்தோன்றலான தாமலிண்ட் மார்ட்டின் பொலைட் 2005-இல் சியரா லியோனுக்குப் போக முடிந்தது. இங்கே உதவியது அடக்கியவர்கள் எழுதிய காகிதம்.

இரண்டாவது கதையில் காகிதமே இல்லை. 1930-களில் மொழியியலாளர் லொரென்சோ டௌ டர்னர் பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவின் கரையில் அமீலியா டாலி என்ற பெண் பாடிய ஒரு சிறு பாட்டைப் பதிவு செய்தார். பொருள் தெரியாமலே வீட்டில் வழிவழியாகப் பாடிவந்த பாட்டு. அது சியரா லியோனில் பேசப்படும் மெண்டே மொழி என்று பின்னர் தெரிந்தது. பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் சியரா லியோனில் தேடியபோது, செனேஹுன் ங்கோலா என்ற கிராமத்தில் ஒரு பெண் அதைத் தன் பாட்டியிடம் கற்ற இறுதிச் சடங்குப் பாட்டு என்று பாடிக் காட்டினார். 1997-இல் அமீலியாவின் மகள் மேரி மொரான் அந்தக் கிராமத்துக்கே போனார்.

பாட்டில் சொற்கள் இருந்தன, சொற்கள் ஒரு மொழியைக் காட்டின, மொழி ஓர் ஊருக்கு அழைத்துப் போனது. கூடையில் அப்படிப்பட்ட அடையாளம் இல்லை. கைவேலையை வைத்துக் குடும்ப வரலாறு எழுத நினைக்கிறவர்கள் இந்த வேறுபாட்டை மதிக்க வேண்டும். 'என் பாட்டியின் தையல் செனகல் தையல்' என்று எழுதுவது எளிது. அது உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தெரியாததைத் தெரிந்ததாக எழுதினால் அந்தப் பாட்டிக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பாலம், சாலையோரக் கடை, திரும்பி வந்தவர்கள்

அடிமைத்தனத்திலிருந்து விடுதலை கிடைத்தபின் மவுண்ட் பிளசன்ட் வட்டாரத்தில் பல குடும்பங்கள் பழைய தோட்டங்களில் சிறு துண்டு நிலங்களை வாங்கிக் குடியேறின. நெல் சாகுபடி தேய்ந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த புயல்களோடு ஏறக்குறைய ஓய்ந்தது. ஃபேனருக்கு வேலை போயிற்று. தென் கரோலினாக் கரையை ஒட்டிய செயின்ட் ஹெலினா தீவில், விடுதலை பெற்ற கறுப்பினத்தாருக்காக 1862-இல் தொடங்கிய பென் பள்ளி, பையன்களுக்கு நாணல் கூடை செய்யக் கற்றுக்கொடுத்து அந்த முரட்டு வகையைக் கொஞ்ச காலம் உயிரோடு வைத்திருந்தது. மவுண்ட் பிளசன்டிலோ பெண்களின் மெல்லிய கூடை விற்பனைச் சரக்காக மாறியது.

1929-இல் கூப்பர் ஆற்றின் மேல் பாலம் திறந்தது. 17-ஆம் எண் நெடுஞ்சாலையில் கார்கள் வரத் தொடங்கின. பெண்கள் சாலையோரத்தில் நாற்காலி மீதும், பிறகு மரச்சட்டத்தில் ஆணி அடித்தும் கூடைகளை மாட்டி விற்றார்கள். அந்தத் தட்டிக்கடைகள் தாய்க்குப் பின் மகள் என்று கைமாறின. நடுத்தரகர் இல்லாமல் வாங்குகிறவரின் முகத்தைப் பார்த்து விலை சொல்லும் இடம் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை. வயலிலும் வெள்ளைக்கார வீடுகளின் அடுக்களையிலும் கிடைத்த கூலியைத் தவிர வேறு காசு பார்க்க முடியாத காலம் அது.

இதே ஆண்டுகளில் வேறொரு பெயர்ச்சியும் நடந்தது. 1910-லிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். கரோலினாக் கரையிலிருந்து போனவர்களில் பலருக்கு நியூயார்க் போய்ச் சேரும் ஊர். அங்கே புல் இல்லை, பால்மெட்டோ இல்லை. கை மறக்கவில்லை, பொருள் இல்லை. மேரி ஜாக்சன் என்ற கலைஞரின் வாழ்க்கை இதற்குச் சாட்சி. 1945-இல் மவுண்ட் பிளசன்டில் பிறந்து, சிறு வயதிலேயே தாயிடமும் பாட்டியிடமும் தையலைக் கற்றவர். நியூயார்க் போய் அலுவலக வேலை பார்த்தார். 1972-இல் ஊர் திரும்பினார். மகனுக்கு ஆஸ்துமா என்பதால் வேலையை விட்டு வீட்டில் இருந்தபடி கூடைக்கு முழுமையாகத் திரும்பினார். பழைய தையலை வைத்துப் புதிய வடிவங்களுக்குப் போனார், 2008-இல் அமெரிக்காவில் படைப்புத் திறனுக்குத் தரும் பெரிய விருதுகளில் ஒன்றான மெக்ஆர்தர் விருது வந்தது. அவர் புல் கிடைக்கும் இடத்துக்குத் திரும்பியிராவிட்டால் அந்தத் திறமை எங்கே வெளிப்பட்டிருக்கும்?

புல் எங்கே போயிற்று

அந்தப் புல்லும் அருகிக்கொண்டிருந்தது. 1956-இல் இதே கரையோரத்திலுள்ள ஹில்டன் ஹெட் தீவுக்குப் பாலம் வந்தது, அடுத்து உல்லாச விடுதிகள், கோல்ஃப் மைதானங்கள். கியாவா தீவு 1974-இல் குவைத் முதலீட்டாளர்களிடம் போய் அதே வழியில் மாறியது. எந்தக் கடற்கரை விடுமுறைக்கு வருகிறவர்களுக்குப் பிடித்ததோ அதே மணல்மேட்டோரத்தில்தான் ஸ்வீட்கிராஸ் வளர்கிறது. வாயிலில் காவலர் நிற்கும் குடியிருப்புகள் வந்தபின், தலைமுறை தலைமுறையாகப் புல் உருவிய இடத்துக்குள் நுழைவதே அத்துமீறல் ஆயிற்று. பலர் ஜார்ஜியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் போய்ப் புல் பறிக்கவோ, பறிப்பவரிடம் காசு கொடுத்து வாங்கவோ வேண்டி வந்தது. 1989-இல் ஹ்யூகோ புயல் சார்ல்ஸ்டனைத் தாக்கி, ஊசியிலை கொடுத்த பைன் காடுகளையும் முறித்துப் போட்டது.

முன்னே சொன்ன ஆண் பொருள், பெண் பொருள் பிரிவு இங்கேதான் தேவைப்படுகிறது. ஸ்வீட்கிராஸ் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் தங்கள் மெல்லிய கூடைகளில் தடித்த நாணலைக் கலந்து தைக்கத் தொடங்கினார்கள். வயல் கூடைக்கு உரிய பொருள் அலங்காரக் கூடைக்குள் புகுந்தது. கூடைக்குப் பலம் கூடியது, நிறத்தில் பட்டை பட்டையாக ஓர் அழகும் வந்தது. ஆனால் ஒரே குடும்பத்தில் பாட்டி செய்ததையும் பேத்தி செய்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்தக் கருத்த தடித்த பட்டைகளில் கடற்கரை கைவிட்டுப் போன காலம் தெரிகிறது. இந்தக் கூடைகளைப் பற்றி நான் அறிந்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான். ஆப்பிரிக்க ஊரின் பேரைச் சொல்லாத கூடை, கரோலினாவில் இழந்த நிலத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது.

நிலம் போனதற்கு விடுதி முதலாளிகள் மட்டும் காரணம் இல்லை, சட்டமும் துணை நின்றது. விடுதலைக்குப் பின் வாங்கிய துண்டு நிலங்கள் உயில் எழுதாமல் வாரிசுகளுக்கு இறங்கின. நம் ஊர்க் கூட்டுப்பட்டா நிலத்தைப் போல யாருடைய பாகம் எது என்று அளந்து பிரிக்காமல் பலருக்கும் பொதுவாக நின்றது. ஒரே ஒரு வாரிசு, பெரும்பாலும் எங்கோ தொலைவில் இருப்பவர், தன் பங்கை வெளியாருக்கு விற்றால் போதும். வாங்கியவர் நீதிமன்றம் போய் முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். வீடு கட்டி அங்கேயே வாழ்கிறவர்கள் சந்தை விலையைவிடக் குறைந்த தொகைக்கு நிலத்தைப் பறிகொடுத்தார்கள். வடக்கே போனவர்களின் பெயர்ச்சி ஊரில் இருந்தவர்களின் நிலத்தை இப்படியும் தளர்த்தியது. தென் கரோலினா 2016-இல் இதற்கென்று ஒரு சட்டம் இயற்றியது. 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட போதகரும் மாநில செனட்டருமான கிளெமென்டா பிங்க்னியின் பேர் அதற்கு. மற்ற வாரிசுகள் அந்தப் பங்கை முதலில் வாங்கிக்கொள்ள அது வாய்ப்புத் தருகிறது, நியாயமான மதிப்பீட்டையும் கேட்கிறது. நல்ல சட்டம். தாமதமாக வந்த சட்டம்.

அங்கீகாரத்துக்குக் குறைவில்லை. 2006-இல் ஸ்வீட்கிராஸ் கூடை தென் கரோலினாவின் அரசுக் கைவினை ஆனது. அதே ஆண்டில் வட கரோலினாவிலிருந்து ஃபுளோரிடாவரை குல்லா கீச்சி பண்பாட்டு வழித்தடம் ஒன்றை அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்படுத்தியது. 2023-இல் சார்ல்ஸ்டனில், அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற கேட்ஸ்டன் துறையிலேயே சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்தது. குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கென்று அங்கே தனி மையம் இருக்கிறது. புல்லை வேண்டுமென்றே நட்டு வளர்க்கும் முயற்சிகள் சில இடங்களில் நடக்கின்றன. ஆனால் அதே காலத்தில் 17-ஆம் எண் சாலை அகலமாகி, வண்டிகள் வேகமெடுத்து, தட்டிக்கடை முன் நிறுத்தி இறங்குவதே கடினமாகிவிட்டது.

இந்தக் கூடைகளை அருங்காட்சியகங்களும் குடும்பங்களும் ஆவணப்படுத்தும்போது பெரும்பாலும் செய்தவரின் பேர், ஆண்டு, அளவு ஆகியவற்றை எழுதுகிறார்கள். பழைய கூடைகளில் பேர்கூட இருப்பதில்லை. இதோடு இன்னும் சிலவற்றைக் கேட்டு எழுத வேண்டும் என்பது என் பரிந்துரை: புல்லை எந்த இடத்தில் உருவினார்கள், உருவியவர் யார், அந்த நிலம் அப்போது யார் பேரில் இருந்தது, நாணல் கலந்திருந்தால் எந்த ஆண்டிலிருந்து கலந்தார்கள். பாட்டியின் வாயிலிருந்து வரும் இந்தப் பதில்களை நிலப்பத்திரங்களோடும் 1870-இன் கணக்கோடும் சேர்த்து வைத்தால், குடும்பம் எந்தத் தோட்டத்தின் ஓரத்தில் குடியிருந்தது என்பதுவரை பின்னோக்கிப் போக முடியும். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். இப்போது தைத்துக்கொண்டிருக்கிறவர்களில் பலர் முதியவர்கள்.